‘நல்ல பையன்’ என்கிறார்கள், திரும்பக் கூப்பிடுவதில்லை

கேள்வி:

வணக்கம் அண்ணா. எனக்கு ஊர் தென்காசிப் பக்கம். விஸ்காம் முடித்துவிட்டு நான்கு வருடமாகச் சென்னையில் கேமரா அசிஸ்டென்ட்டாக இருக்கிறேன். விளம்பரப் படம், வெப் சீரிஸ், டிவி ரியாலிட்டி ஷோ என்று எது வந்தாலும் போவேன். “இங்கே நிலைக்கணும்னா சொன்ன வேலைக்கு மேல செய்யணும்” என்று எல்லாரும் சொன்னதால் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறேன். போன சீரிஸில் புதுச்சேரி ஸ்கெட்யூல். டேட்டா பார்க்க, அதாவது எடுத்த காட்சிகளைக் கார்டிலிருந்து பிரதி எடுத்து வைக்க, ஆள் இல்லை என்றார்கள். பேட்டா கேட்காமல் அதையும் பார்த்தேன். லைட் யூனிட்டில் ஆள் குறைந்தபோது கேபிள் இழுத்தேன், அதற்கு ஒரு லைட்மேன் எல்லார் முன்னாலும் திட்டினார். பேக்கப் ஆன பிறகு, அதாவது அன்றைய ஷூட்டிங் முடிந்த பிறகு, ராத்திரியோடு ராத்திரியாக என் பைக்கில் சென்னை வந்து ஒரு மானிட்டர் கேபிள் எடுத்துக்கொண்டு விடிவதற்குள் திரும்பினேன். ஈசிஆரில் ஓரிடத்தில் கண் சொருகிவிட்டது, நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. கேமராமேன் சார் “நல்ல பையன்” என்று தோளில் தட்டினார். ஆனால் அடுத்த ஸ்கெட்யூலுக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். அவர் நேரத்துக்கு வருவார், தன் வேலையைப் பார்ப்பார், போய்விடுவார். நான் இன்னும் என்னதான் செய்ய வேண்டும்? அடுத்த மாதம் காரைக்குடியில் ஒரு சீரிஸ் வந்திருக்கிறது. கேமரா அசிஸ்டென்ட், டேட்டா இரண்டுக்கும் சேர்த்து ஒரே பேட்டா என்கிறார்கள். போகலாமா?

பெயர் வேண்டாம், வளசரவாக்கம்

பதில்:

அன்புள்ள தம்பி,

காரைக்குடிக்குக் கடைசியில் வருகிறேன். கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், ஈசிஆரில் கண் சொருகிவிட்டது என்று. அதைத் தாண்டி மேலே படிக்கவே எனக்கு முடியவில்லை.

1997 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ப்ரென்ட் ஹெர்ஷ்மன் என்பவர் 19 மணி நேர ஷூட்டிங்கை முடித்துவிட்டு, தானே கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். வழியில் ஓட்டும்போதே தூங்கிவிட்டார். வீடு போய்ச் சேரவில்லை. அவர் செகண்ட் அசிஸ்டென்ட் கேமராமேன். நீங்கள் பார்க்கும் அதே வேலை. அந்தச் சாவுக்குப் பிறகு, இரண்டு ஆஸ்கர் வாங்கிய ஒளிப்பதிவாளர் ஹாஸ்கெல் வெக்ஸ்லர் கிட்டத்தட்ட தன் மிச்ச வாழ்நாள் முழுக்க ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: 12 மணி நேரம் வேலை, 12 மணி நேரம் ஓய்வு. எண்பது வயதுக்கு மேல் அதைப் பற்றி ஒரு ஆவணப்படமே எடுத்தார். அங்கே தொழிலாளர் சங்கம் 2021இல் வேலைநிறுத்தத்தின் விளிம்புவரை போய்த்தான், ஒரு நாள் பேக்கப்புக்கும் மறுநாள் கால்ஷீட்டுக்கும் நடுவில் 10 மணி நேர ஓய்வு என்பதை எல்லாருக்கும் பொதுவாக வாங்க முடிந்தது. அவ்வளவு பலமுள்ள சங்கங்களே இன்னும் போராடிக்கொண்டிருக்கும் விஷயத்தை, நீங்கள் யாரும் கேட்காமல் இலவசமாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருக்குச் சமமாகக் குறைந்துவிடும் என்பது ஆய்வில் நிரூபித்த விஷயம். நம் ஊரில் குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்குப் போட 0.03 சதவீதம் தாண்டினாலே போதும். அன்று ராத்திரி நீங்கள் காலை முதல் நின்ற நின்றபடி வேலை பார்த்துவிட்டு, அதற்கு மேல் புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு வந்து திரும்பியும் போயிருக்கிறீர்கள். போக வர 300 கிலோமீட்டருக்கு மேல். ஒரு மானிட்டர் கேபிளுக்காக!

அந்தக் கேபிளைக் கொண்டுவருவது ப்ரொடக்‌ஷன் வேலை. மேனேஜருக்கு ஒரு போன் போட்டால் காலையில் முதல் பஸ்ஸில் பார்சல் வந்திருக்கும், அல்லது வாடகைக்குக் கொடுத்த யூனிட்டே ஆளை அனுப்பியிருக்கும். ஒரு மணி நேரம் தாமதமாகியிருக்கலாம். ஆகட்டுமே. இனிமேல் வெளியூர் ஷூட்டிங்குக்கு பைக்கை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சென்னைக்குள்ளேயே ராத்திரி பேக்கப் ஆனாலும், “கம்பெனி வண்டியில டிராப் வேணும் சார்” என்று சாயங்காலமே மேனேஜரிடம் சொல்லிவையுங்கள். பேக்கப் ஆன பிறகு கேட்டால் வண்டி போயிருக்கும். வண்டி இல்லை என்றால் செட்டிலேயே ஒரு மூலையில் படுத்துவிட்டு விடிந்ததும் கிளம்புங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இப்போது உங்கள் கேள்வி.

உங்களுக்குப் பதிலாக வந்தவரை எனக்குத் தெரியாது. அவர் தயாரிப்பாளரின் உறவினராக இருக்கலாம், கேமராவோடு வரும் யூனிட் அட்டெண்டரையே அந்த வேலையையும் பார்க்கச் சொல்லியிருக்கலாம். நம் தொழிலில் பாதி மாற்றங்களுக்குக் காரணம் அதுதான், அதில் உங்கள் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவன் என்பதால் ஒன்று சொல்ல முடியும். அசிஸ்டென்ட்டைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் கேமராமேன் இல்லை. அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் அசோசியேட்தான். கேமராமேன் தோளில் தட்டிவிட்டு லைட்டிங்கைப் பார்க்கப் போய்விடுவார். “அந்தப் பையன் பேரு என்ன?” என்று அசோசியேட்டைத்தான் கேட்பார். அசோசியேட்டின் மனதில் உங்களைப் பற்றி என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லென்ஸ் மாற்றக் கூப்பிட்டபோது நீங்கள் டேட்டா டேபிளில் இருந்தீர்கள். கிளாப் அடிக்கத் தேடியபோது கேபிள் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் காலையில் தூக்கம் இல்லாமல் முகம் வீங்கி நின்றீர்கள். அவர் பார்வையில், இரண்டு ஆள் வேலை செய்த உங்களால் அவருக்கு ஒரு ஆள் குறைந்தது.

இது உங்களைப் புண்படுத்தும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீங்கள் கொட்டிய உழைப்பு உண்மையானது. அது போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு.

அந்த லைட்மேன் திட்டியதையும் நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஜெனரேட்டரிலிருந்து வரும் த்ரீ ஃபேஸ் லைனில் எந்த லைட்டை எதில் மாட்டியிருக்கிறது, எந்த கேபிள் உயிரோடு இருக்கிறது என்பது அவருக்கும் ஜெனரேட்டர் ஆபரேட்டருக்கும்தான் தெரியும். கடற்கரை ஈரத்தில் நீங்கள் கைவைத்து ஏதாவது ஆகியிருந்தால் போலீஸ் முதலில் கேட்பது அவரைத்தான். இரண்டாவது காரணம் வயிற்றுப்பாடு. கேமரா பையன் கேபிள் இழுப்பதை மேனேஜர் ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்த ஸ்கெட்யூலில் “லைட்டுக்கு ஒரு ஆள் கம்மியாவே போதுமே” என்பார். நீங்கள் உதவி என்று நினைத்தது ஒருவருடைய ஒரு நாள் சம்பளம். பெப்சியில் (தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்) இத்தனை துறைகளுக்குத் தனித்தனிச் சங்கம் இருப்பதும், ஒருவர் வேலையில் மற்றவர் கைவைக்கக் கூடாது என்று கறாராக இருப்பதும் வெளியிலிருந்து வருபவர்களுக்கு வீம்பாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. லைட் யூனிட்டுக்கு உதவ வேண்டும் என்றால் அடுத்த ஷாட்டில் கேமரா எங்கே போகிறது, எந்தப் பக்கம் ஃபிரேமில் வரும் என்பதைப் பத்து நிமிடம் முன்னாலேயே அவர்கள் காதில் போடுங்கள். ஸ்டாண்டை வைத்துவிட்டு மறுபடி தூக்கும் வேலை அவர்களுக்கு மிச்சமாகும். அதற்கு யாரும் திட்ட மாட்டார்கள், டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

டேட்டா விஷயம் இன்னும் கனமானது. அலெக்ஸா மினி எல்எஃப் கேமராவில் ஓப்பன் கேட் (முழு சென்சார்), ரா (சுருக்காத ஃபைல்) என்று எடுத்தால் 1 டெராபைட் டிரைவ் ஒன்று சுமார் அரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். அதைக் குறைந்தது இரண்டு இடத்தில் பிரதி எடுக்க வேண்டும், செக்சம் (மூலமும் பிரதியும் ஒன்றுதானா என்று காட்டும் எண்) போட்டு ஒவ்வொரு ஃபைலும் சரியாக வந்திருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும், ஒவ்வொரு கிளிப்பையும் திறந்து பார்க்க வேண்டும், ரிப்போர்ட் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் கார்டு ஃபார்மேட்டுக்குத் திரும்பலாம். எடுக்க ஆன நேரத்தைவிட இதற்குக் கூடுதல் நேரம் ஆகும். நடுவில் “கிளாப்!” என்று குரல் வந்தால் எழுந்து ஓடுபவர் இந்த வேலையைச் செய்யவே கூடாது. ராத்திரி ஒரு மணிக்கு எந்த கார்டு முடிந்தது, எது முடியவில்லை என்று குழம்பி ஒன்றை அழித்துவிட்டால், போவது ஒரு நாள் ஷூட்டிங், இத்தனை பேர் உழைப்பு. அன்றைக்கு “பாவம், காசு வாங்காமல் செய்தான்” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் பெயர் ஊர் முழுக்கப் போகும். டேட்டாவுக்கு ஆள் போடாதது கம்பெனியின் கணக்கு. அந்தக் கணக்கை உங்கள் தலையில் இறக்கி வைத்தார்கள், நீங்களும் வாங்கிக்கொண்டீர்கள்.

சரி, அப்படியானால் சொன்ன வேலைக்கு மேல் எதுவும் செய்யக் கூடாதா? செய்ய வேண்டும், தம்பி. எள் என்றால் எண்ணெயாக நிற்கும் பையனைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். எந்த இடத்தில் எண்ணெயாக நிற்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. என் பார்வையில், உங்கள் துறைக்குள், உங்கள் கைக்கு அடுத்து அந்தப் பொருளைத் தொடப்போகிறவரின் வேலையை லேசாக்கும் எதுவும் செய்யத் தகுந்தது. அசோசியேட், ஃபோகஸைப் பார்த்துக்கொள்ளும் ஃபோகஸ் புல்லர், டேட்டா பார்ப்பவர், எடிட்டர், விஎஃப்எக்ஸ் ஆட்கள், இவர்கள் ஐந்து பேரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நோட்டு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் லென்ஸ், ஸ்டாப், ஃபில்டர், கேமரா உயரம், டில்ட் கோணம், ஆள் நின்ற தூரம், ஷட்டர், கலர் டெம்பரேச்சர், நேரம், வெயில் எந்தப் பக்கம். தவறாமல் எழுதுங்கள், கூடவே செட்டப்பை மொபைலில் ஒரு படம். யாரும் கேட்க மாட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பேட்ச் ஒர்க் வரும். ஹீரோயின் திரும்பிப் பார்க்கும் ஒரு க்ளோசப்பை மட்டும், புதுச்சேரியில் எடுத்ததை வளசரவாக்கத்தில் ஒரு வீட்டுச் சுவரை வைத்து எடுக்க வேண்டியிருக்கும். எந்த லென்ஸ், எவ்வளவு உயரம் என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். “75, நாலரை அடி, லேசா மேல டில்ட் சார்” என்று நோட்டைத் திறந்து சொல்லும் பையனை அந்த அசோசியேட் எந்தக் காலத்திலும் விட மாட்டார். பேட்ச் ஒர்க்குக்கு உங்களைத்தான் கூப்பிட்டாக வேண்டும், நோட்டு உங்களிடம் இருக்கிறது.

அடுத்தது முந்தைய நாள். கேமரா வாடகைக்கு எடுக்கும் இடத்தில் பெட்டியை எண்ணி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர்கள் நிறையப் பேர். அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொரு லென்ஸையும் மாட்டி, இன்ஃபினிட்டியில் ஃபோகஸ் விழுகிறதா, ஸ்கேலில் எழுதியிருக்கும் தூரமும் டேப்பில் அளந்த தூரமும் ஒத்துப்போகிறதா, சென்சாரில் தூசி இருக்கிறதா, எந்த பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்தக் கேபிளின் முனை ஆடுகிறது என்று பாருங்கள். இரண்டு கேமரா என்றால் இரண்டிலும் டைம்கோடு, ஃபிரேம் ரேட், ரெக்கார்டிங் ஃபார்மேட் ஒன்றுதானா என்று பாருங்கள். இப்படி உட்கார்ந்து பார்த்திருந்தால் ஈசிஆர் பயணமே இருந்திருக்காது. ஆடும் கேபிள் இங்கேயே தெரிந்திருக்கும், இன்னொன்று கேட்டு வாங்கியிருக்கலாம். இந்த நாளுக்கும் பேட்டா உண்டு, கேளுங்கள். கம்பெனி தராவிட்டால் அசோசியேட்டிடம் சொல்லிப் பேசச் சொல்லுங்கள்.

கடற்கரை ஊர்களில் ஒன்று கவனித்திருப்பீர்கள். ஹோட்டல் ஏசி ரூமில் ராத்திரி முழுக்க இருந்த லென்ஸை அப்படியே வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்கப் பனி மூடிவிடும், துடைக்கத் துடைக்க வரும். டைரக்டர் விடியல் வெளிச்சத்துக்காகத் துடித்துக்கொண்டிருக்க, யூனிட் முழுக்க ஒரு லென்ஸைச் சுற்றி நிற்கும். முக்கால் மணி நேரம் முன்னாலேயே பெட்டிகளை மூடியபடியே வெளிக்காற்றில் வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. நீங்கள் செய்தது யாருக்கும் தெரியாது. அன்று காலை ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான். இந்த வேலையில் பெரும்பகுதி இப்படித்தான். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்பவர் யார் என்று அசோசியேட்டுக்கு மட்டும் தெரிந்திருக்கும், அது போதும்.

கெட்ட செய்தியை உடனே சொல்வதும் இதில் சேர்த்தி. ஷாட்டில் ஃபோகஸ் போயிருந்தால், மானிட்டரில் யாரும் கவனிக்காவிட்டாலும், கட் சொன்னதும் அசோசியேட் காதில் “சாஃப்ட்டா இருந்த மாதிரி இருக்கு, ப்ளேபேக் பாத்துக்கலாம்” என்று சொல்லுங்கள். சத்தமாக வேண்டாம், ஃபோகஸ் புல்லரை எல்லார் முன்னாலும் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும். இன்னொரு டேக் ஐந்து நிமிடம். எடிட்டில் கண்டுபிடித்தால், அந்த இடம், அந்த ஆர்ட்டிஸ்ட், அந்த வெளிச்சம் எதுவும் திரும்பக் கிடைக்காது. இதைச் சொல்லத் தைரியம் வேண்டும், தெரியும். தைரியமாகச் சொல்பவனைத்தான் பிறகு நம்புகிறார்கள்.

டிவியில் நிலைமை வேறு. சீரியலில் ஒரு நாளில் ஒரு எபிசோடு, சில நாள் அதற்கும் மேல் எடுத்தாக வேண்டும், சீன் பேப்பரே ஸ்பாட்டில்தான் வரும். ரியாலிட்டி ஷோவில் பத்துக்கும் மேற்பட்ட கேமரா ஓடும். அங்கே ஷாட்டுக்கு ஷாட் நோட்டெல்லாம் நடக்காது. அங்கே கார்டு மாறும் நேரத்தை கண்ட்ரோல் ரூமுக்கு முன்கூட்டியே சொல்வது, கார்டு மேல் கேமரா எண்ணும் நாளும் ஒட்டுவது, முடிந்த கார்டையும் காலி கார்டையும் வேறு வேறு பையில் வைப்பது, இவ்வளவைச் சலிக்காமல் செய்தாலே நீங்கள் மேலே தெரிவீர்கள்.

இனி, எந்த அளவுக்குத் தயாராக இருந்தாலும் செய்யவே கூடாத ஒன்று. 2014 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் சாரா ஜோன்ஸ் என்ற 27 வயதுப் பெண் ஷூட்டிங் நடந்துகொண்டிருந்த ரயில் பாலத்தில் ரயில் மோதி இறந்தார். ரயில் நிறுவனம் அனுமதி தரவில்லை என்பது தயாரிப்புத் தரப்புக்குத் தெரிந்திருந்தும் யூனிட்டைத் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். இயக்குனர் பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். சாராவும் கேமரா அசிஸ்டென்ட்தான். நமக்குப் பக்கத்திலேயே, 2020 பிப்ரவரி 19 அன்று இரவு, பூந்தமல்லியை அடுத்த ஈவிபி ஃபிலிம் சிட்டியில் லைட் ஏற்றிய கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். ஒருவர் உதவி இயக்குனர். இப்படிப்பட்ட இடங்களில் நிற்பது பெரும்பாலும் இளையவர்கள்தான், “முடியாது” என்று சொன்னால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்று பயப்படுகிறவர்கள்.

ஓடும் வண்டியின் பானெட்டில் கயிறு இல்லாமல் உட்காரச் சொன்னால், மொட்டைமாடி விளிம்பில் கேமராவைப் பிடித்துக்கொண்டு சாயச் சொன்னால், அனுமதி வாங்காத பாலத்தில் மார்க் போடச் சொன்னால், முடியாது என்று சொல்லுங்கள். மரியாதையாகவே சொல்லலாம்: “சார், பெல்ட் வந்ததும் உடனே ஏறிடறேன்.” அதற்காக ஒருவர் உங்களைக் கூப்பிடாமல் விட்டால் அவரோடு வேலை செய்யாதது நல்லது. இந்த இடத்தில் நான் எந்த விட்டுக்கொடுத்தலும் சொல்ல மாட்டேன்.

பணம். வேலைக்குப் போகும் முன் வாட்ஸ்அப்பில் நான்கு வரி அனுப்பி, “ஓகே” என்று பதில் வாங்குங்கள். ஒரு கால்ஷீட்டுக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம், தாண்டினால் எவ்வளவு, பயண நாளுக்கும் டெஸ்ட் நாளுக்கும் உண்டா, பணம் எப்போது. நேரில் பேசியது பேக்கப்போடு மறந்துவிடும். சினிமாத் தொழிலாளரை எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1981லேயே சட்டம் வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் புதிய தொழில்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் டிவி, வெப் சீரிஸ், ரியாலிட்டி ஷோ, விளம்பரம் எல்லாமே சேர்ந்துவிட்டன. நடைமுறையில் யாரும் ஒப்பந்தத்தை நீட்டப் போவதில்லை, ஆனாலும் எழுதிக் கேட்பது உங்கள் உரிமை என்பது தெரிந்திருக்கட்டும்.

வேலை முடிந்த அதே வாரம் பில் அனுப்புங்கள். டிடிஎஸ் பிடித்தால் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிறவர்களும் உண்டு. பில் கொடுத்துத் தொழில் செய்பவர் என்ற முறையில் சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. பதிவு செய்த சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். வேலையில் இறங்குவதற்கு முன்பே பதிவு இருந்தால் அதைச் சொல்லிக் கேட்பதில் சிக்கல் இருக்காது, அதனால் இப்போதே செய்துவிடுங்கள். சங்க உறுப்பினர் கார்டு இன்னும் எடுக்கவில்லை என்றால் அதற்கான வழியையும் உங்கள் அசோசியேட்டிடம் கேளுங்கள். பணம் நின்றுபோனால் தனியாளாகப் போய் ஆபீஸ் வாசலில் நிற்பதற்கும் சங்கம் போன் செய்வதற்கும் நிறைய வித்தியாசம்.

போன சீரிஸின் அசோசியேட்டுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்காதீர்கள், அவருக்குச் சங்கடம். “அண்ணா, புதுச்சேரி ஸ்கெட்யூல்ல என் வேலையில எது சரியில்லனு சொன்னா திருத்திக்கறேன். இனிமே டேட்டா சேர்த்துப் பாக்கறதில்ல, கேமராவோடவே இருப்பேன். ஆள் தேவைப்பட்டா சொல்லுங்கண்ணா” என்று மட்டும். பதில் வராவிட்டாலும் அவர் படித்திருப்பார்.

இப்போது காரைக்குடி. ஒரே பேட்டாவுக்கு இரண்டு வேலை என்றால் போகாதீர்கள். ஆனால் “முடியாது” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடவும் வேண்டாம். மேனேஜரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “சார், ரெண்டும் ஒரே ஆள் பாத்தா ஃபுட்டேஜ் ரிஸ்க். நான் கேமரா அசிஸ்டென்ட்டா வர்றேன். டேட்டாவுக்குத் தனியா ஆள் போடுங்க, தெரிஞ்ச பையன் இருக்கான், நம்பர் தர்றேன். இல்ல, டேட்டா மட்டும் பாக்கணும்னா அதுக்குரிய பேட்டாவுக்கு அந்த வேலைய மட்டும் பாக்கறேன்.” இரண்டில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டால் போய்வாருங்கள். இரண்டுக்கும் ஒத்துவராவிட்டால் அந்த மாதம் உங்களுக்குக் கஷ்டம்தான். வாடகை, சாப்பாடு எல்லாம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன், ஒருமுறை அந்த விலைக்குப் போனால் அடுத்த சீரிஸிலும் அதுதான் உங்கள் விலை.

போவதாக இருந்தால், செட்டிநாட்டு வீடுகளுக்குச் சில விஷயம். உள்ளே பத்தி (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) முழுக்க இருட்டு, நடுவில் முற்றத்தில் உச்சி வெயில், நேரம் ஆக ஆக வெயில் தரையில் நகர்ந்துகொண்டே இருக்கும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர்களை வரிசையாகத் துடைத்துக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள், ஒரே சீனுக்குள் பலமுறை மாற்ற வேண்டி வரும். நோட்டில் நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். தரையெல்லாம் ஆத்தங்குடி டைல்ஸ், தூண்களெல்லாம் பழைய பர்மா தேக்கு. அதில் காஃபர் டேப்பை (செட்டில் ஒட்டும் கெட்டியான துணி டேப்) ஒட்டி உரித்தால் பாலிஷோடு வந்துவிடும், வீட்டுக்காரர் அதற்கு நஷ்டஈடு கேட்பார், அடுத்த யூனிட்டுக்கு வீடு தரவும் யோசிப்பார். மார்க் போட பேப்பர் டேப் இரண்டு மூன்று நிறத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் ஒட்டும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பேக்கப் ஆனதும் நீங்களே உரித்து எடுத்துவிடுங்கள். டேப் வாங்கிய பில்லை மேனேஜரிடம் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்